கண்ட தூரமும் அறிந்த தூரமும்: கடலில் கப்பலைக் கண்டுபிடித்த வரலாறு

1609 ஆகஸ்டில் கலிலியோ தம் புதிய தொலைநோக்கியோடு வெனிஸ் நகரின் புனித மாற்கு மணிக்கோபுரத்தில் ஏறினார். உடன் ஏறியவர்கள் அந்தக் குடியரசின் செனட்டர்கள். அவர்களுக்கு அவர் நிலாவையோ வியாழனையோ காட்டவில்லை. பட்டப்பகலில் கடலைக் காட்டினார். துறைமுகத்தை நோக்கிப் பாய் விரித்து வந்த கப்பல்கள், வெறுங்கண்ணுக்குத் தெரிவதற்கு இரண்டு மணி நேரத்துக்கும் முன்பே குழாயில் தெரிந்தன. குழாயை அரசுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். பதுவா பல்கலைக்கழகத்தில் அவருடைய சம்பளம் ஏறத்தாழ இரு மடங்கானது. தொலைநோக்கியின் கதையை வானியலோடு தொடங்குவது பாடநூல்களின் வழக்கம். காசு கொடுத்தவர்களின் கணக்கில் அது முதலில் கப்பல் பார்க்கும் கருவி.

கலிலியோ தம் குழாயின் பெருமையைத் தூரத்தால் சொல்லாமல் நேரத்தால் சொன்னார் என்பது கவனிக்கத்தக்கது. வருவது பகைக் கப்பலென்றால் இரண்டு மணி நேரத்தில் பீரங்கிகளை ஆயத்தம் செய்யலாம். சரக்குக் கப்பலென்றால் விலை இறங்குவதற்குள் கையிருப்பை விற்றுவிடலாம். ஆனால் இரண்டுக்கும் ஒரு முன்நிபந்தனை உண்டு. வருவது எந்தக் கப்பல் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கடலில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று கண்ணோ கருவியோ உணரும் தூரம் ஒன்று. அது இன்ன கப்பல் என்று அறிந்து, அந்தச் செய்தி முடிவெடுக்க வேண்டியவரிடம் போய்ச் சேரும் தூரம் மற்றொன்று. முதலாவதைக் கண்ட தூரம் என்றும் இரண்டாவதை அறிந்த தூரம் என்றும் இக்கட்டுரை வேறுபடுத்துகிறது. நானூறு ஆண்டுகளில் கண்ட தூரம் சில பத்துக் கிலோமீட்டரிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டராக வளர்ந்தது. அறிந்த தூரம் அதற்கு ஈடாக வளரவில்லை என்பதே இங்கே நிறுவ முயலும் கருத்து.

வளைவின் கணக்கு

தெளிந்த பகலில் கடற்பார்வைக்கு எல்லை போடுவது கண்ணின் கூர்மை அல்ல, பூமியின் வளைவு. பார்ப்பவரின் கண் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பது கிடைத்துவிடும். காற்று ஒளியைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதால் நடைமுறையில் 3.86 என்று கொள்வார்கள். படகில் நிற்பவரின் கண் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் அவருடைய தொடுவானம் ஐந்தரைக் கிலோமீட்டர். 36 மீட்டர் உயரப் பாய்மர உச்சியில் ஏறியவருக்கு 23 கிலோமீட்டர். எதிரே வரும் கப்பலின் பாய்மரமும் அதே உயரமென்றால் இரண்டையும் கூட்டிக்கொள்ளலாம்: ஏறத்தாழ 46 கிலோமீட்டர், அதாவது 25 கடல் மைல். அந்தத் தூரத்தில் தெரிவதும் முழுக் கப்பல் அல்ல, மேல்பாயின் நுனி மட்டுமே.

இந்த வடிவகணிதம் ஐரோப்பாவில் பிறந்ததும் அல்ல. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபின் நந்தனாக் கோட்டையில் இருந்த அல்பிரூனி, உயரத்திலிருந்து பார்க்கும்போது தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்து, பூமியின் ஆரத்தையே கணக்கிட்டார்.

வர்க்கமூலம் கஞ்சத்தனமானது. பார்க்கும் தூரத்தை இரட்டிக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். பாய்மரத்தை அப்படி வளர்க்க முடியாது. ஆகவே பாய்மரக் காலத்துக் கடற்படைகள் கண்ணை உயர்த்துவதை விட்டுக் கண்களைப் பரப்பின. ஒன்றின் பார்வைக்குள் இன்னொன்று இருக்கும்படி வேகமான ஃபிரிகேட் கப்பல்களை வரிசையாக நிறுத்தி, கொடிகளால் செய்தி கடத்தினார்கள். 1805 அக்டோபர் 19 காலை பிரெஞ்சு, ஸ்பானியக் கூட்டுக் கடற்படை காதிஸ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியபோது, வாசலில் காத்திருந்த பிரிட்டிஷ் கேப்டன் பிளாக்வுட்டின் ஃபிரிகேட்டுகள் அதைப் பார்த்தன. சுமார் 50 மைல் தள்ளி, தன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்த பிரிட்டிஷ் தளபதி நெல்சனுக்கு அன்று காலையிலேயே செய்தி போய்விட்டது. இரண்டு நாள் கழித்து டிரஃபால்கர் போர்.

அதே நெல்சனின் 1798ஆம் ஆண்டு அனுபவம் இதற்கு நேர் எதிர். போனபார்ட்டின் எகிப்துப் படையெடுப்புக் கப்பல்களைத் தேடிப் போனபோது, புயலில் அவருடைய ஃபிரிகேட்டுகள் பிரிந்து போயிருந்தன. ஜூன் 22 காலை மத்தியதரைக் கடலில் அவருடைய அணிக்குச் சில அந்நியப் பாய்கள் தென்பட்டன. துரத்தப் போன கப்பலை நெல்சனே திரும்ப அழைத்தார். வழியில் சந்தித்த ஒரு வணிகக் கப்பல் தந்த தகவலின்படி, பிரெஞ்சுக்காரர்கள் பல நாள் முன்னே போய்விட்டார்கள் என்று அவர் நம்பியிருந்தார். உண்மையில் அந்தப் பாய்கள் பிரெஞ்சுப் பேரணியின் முன்காவல் கப்பல்கள். அன்றிரவு மூடுபனியில் இரு அணிகளின் பாதைகளும் ஒன்றையொன்று கடந்தன. பிரிட்டிஷாரின் சைகைப் பீரங்கி ஓசை பிரெஞ்சுக்காரர்களின் காதில் விழுந்தது. நெல்சன் அலெக்சாந்திரியாவுக்கு முந்திப் போய், வெறும் துறைமுகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். அவர் போன ஓரிரு நாளில் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து சேர்ந்தன. பகையைக் கடலில் கண்டும் கைவிட்டதற்குக் காரணம் பார்வைக் குறைவு அல்ல. மனத்தில் முன்பே உட்கார்ந்திருந்த ஒரு கணிப்பு. இந்த வரலாறு நெடுகிலும் இதே காரணம் வேறு வேறு உடையில் வந்து நிற்கிறது.

எம்டன்: புகையும் கம்பியில்லாத் தந்தியும்

நிலக்கரி எரித்த கப்பல்கள் தம் இருப்பைத் தாமே பறைசாற்றின. கப்பலின் உடல் தொடுவானத்துக்குக் கீழே இருக்கும்போதே புகை மேலே தெரியும். அதோடு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பியில்லாத் தந்தியும் சேர்ந்தது. இரண்டும் கண்ட தூரத்தை நீட்டின. அவற்றால் அறிந்த தூரம் என்ன ஆனது என்பதற்கு எம்டனைவிட நல்ல சான்று கிடைக்காது.

1914 செப்டம்பர் 10 முதல் வங்கக் கடலில் வணிகக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்துக்கொண்டிருந்த இந்த ஜெர்மானியக் குரூசரைப் பற்றிய முதல் எச்சரிக்கையைக் கொடுத்தது எந்தப் போர்க்கப்பலும் அல்ல. லொரெதானோ என்ற நடுநிலை இத்தாலியக் கப்பல்தான் கொடுத்தது. செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னைக்கு வெளியே வந்து நின்றபோது நகரத்தின் விளக்குகள் அணைக்கப்படவில்லை. உயர் நீதிமன்றக் கோபுரத்தில் 1894 முதல் எரிந்துவந்த கலங்கரை விளக்கும் வழக்கம்போல் எரிந்தது. உயரத்தில் வைத்த விளக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்ப்பதில்லை. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றிய பிறகுதான் வந்தது யார் என்று நகரத்துக்குத் தெரிந்தது.

அக்டோபர் 28 அதிகாலை பினாங்கில் நடந்தது இன்னும் நுட்பமானது. எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். கேப்டன் ஃபான் முல்லர் நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நட்டு, பிரிட்டிஷ் குரூசரான யார்மத் போன்ற தோற்றத்தில் துறைமுகத்துக்குள் நுழைந்தார். ரஷ்யக் குரூசர் ஷெம்சுக்கை மூழ்கடித்தார். வெளியேறும்போது பிரெஞ்சு நாசகாரிக் கப்பல் மூஸ்கேயையும் மூழ்கடித்தார். அன்று எம்டனைப் பார்க்காதவர்கள் இல்லை. பார்த்தார்கள், புகைபோக்கியை எண்ணினார்கள், நண்பன் என்று முடிவு கட்டினார்கள். கடற்படைகள் தம் கண்காணிப்பு மாலுமிகளுக்கு நிழலுருவங்களையும் புகைபோக்கிகளின் எண்ணிக்கையையும் மனப்பாடம் செய்வித்திருந்தன. முல்லர் கண்ணை ஏமாற்றவில்லை, அந்த மனப்பாடத்தை ஏமாற்றினார்.

பன்னிரண்டு நாள் கழித்து அதே பொறியில் அவரே விழுந்தார். நவம்பர் 9 காலை கொகோஸ் தீவுகளின் தந்தி நிலையத்தை அழிக்க ஆட்களை இறக்கினார். நிலையத்தில் இருந்தவர்கள் அந்நியக் கப்பலைப் பார்த்ததும் கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த அலையை எம்டனும் கேட்டது. அலை மெலிதாக இருந்ததால் அனுப்பிய கப்பல் 250 மைலாவது தள்ளி இருக்கும் என்று கணித்தார்கள். ஆனால் ஆஸ்திரேலியக் குரூசர் சிட்னி சுமார் 50 மைல் தொலைவில், ஒரு துருப்புக் கப்பல் வரிசைக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்தது. சில மணி நேரத்தில் எம்டனின் கண்காணிப்பு மாலுமி தொடுவானத்தில் புகையைப் பார்த்தார். அது தாங்கள் வரச் சொல்லியிருந்த நிலக்கரிக் கப்பல் புரெஸ்க் என்று எடுத்துக்கொண்டார்கள். காதில் விழுந்த அலை, கண்ணில் பட்ட புகை இரண்டும் மெய்யானவை; இரண்டையும் படித்த விதம் தவறு. உண்மை தெரிந்தபோது, கரையில் இறக்கிய ஆட்களைத் திரும்ப ஏற்றக்கூட அவகாசம் இருக்கவில்லை.

விமானக் கண்

கண்ணை நான்கு மடங்கு உயர்த்த முடியாது என்ற தடையை விமானம் உடைத்தது. 3000 மீட்டர் உயரத்தில் பறப்பவருக்குத் தொடுவானம் 210 கிலோமீட்டர். 1916 மே 31இல் ஜட்லண்ட் போருக்குச் சற்று முன் பிரிட்டனின் எங்கடைன் கப்பலிலிருந்து கிளம்பிய கடல்விமானம் ஜெர்மானியக் கப்பல்களைப் பார்த்துச் செய்தியும் அனுப்பியது. மேகம் அதைச் சுமார் 300 மீட்டருக்கும் கீழே பறக்க வைத்தது. அனுப்பிய செய்தி தளபதியைப் போய்ச் சேரவே இல்லை. முதல் முயற்சியிலேயே புதிய கண்ணின் இரண்டு பலவீனங்களும் வெளிப்பட்டுவிட்டன.

1942 ஏப்ரல் 4 மாலை, இலங்கையின் தென்முனையில் காலிக்கு அருகில் உள்ள கொக்கலையிலிருந்து கிளம்பிய ஒரு கட்டலினா விமானம், தீவுக்குத் தெற்கே பல நூறு மைல் தள்ளி அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களைக் கண்டது. கனடா விமானப்படையின் லியனர்ட் பர்ச்சல் நெருங்கிப் போய் எண்ணிப் பார்த்தார். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியச் சண்டை விமானங்கள் அவரைச் சுட்டு வீழ்த்தின. அவரும் உயிர் தப்பிய தோழர்களும் போர்க்கைதிகளானார்கள். அந்த அரைகுறைச் செய்தியால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் அன்றிரவே வெளியேறின. ஆனால் மறுநாள் காலை குண்டுவீச்சு விமானங்கள் நகரத்தின் தலைக்குமேல் வந்தபோது கொழும்பில் இருந்த ரேடாரிலிருந்து எச்சரிக்கை வரவில்லை. இரத்மலானையில் சண்டை விமானங்கள் தரையில் நின்றிருந்தன. பல நூறு மைலில் ஒரு மனிதனின் கண் பார்த்தது. வாசலில் இருந்த இயந்திரம் உதவவில்லை. பர்ச்சலின் கதையை வீரக்கதையாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்தப் பாதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

ரேடார்

கப்பலைக் கண்டுபிடிக்க வானொலி அலையைப் பயன்படுத்தலாம் என்று செய்து காட்டியவர் கிறிஸ்டியான் ஹுல்ஸ்மையர். 1904 மே மாதம் கொலோன் நகரில் ரைன் நதிப் பாலத்தருகே முதல் விளக்கம். ஜூனில் ராட்டர்டாம் துறைமுகத்தில் கப்பல் கம்பெனிகளின் முன் இரண்டாவது. சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி வந்த கப்பலுக்குக் கருவியின் மணி அடித்தது. ஏதோ வருகிறது என்று சொல்லும், எவ்வளவு தூரத்தில் என்று சொல்லாது. கப்பல் கம்பெனிகளும் ஜெர்மானியக் கடற்படையும் வாங்க மறுத்துவிட்டன. அவர்களைக் குறுகிய புத்திக்காரர்கள் என்று சொல்வது எளிது. மூன்று கிலோமீட்டரில் மணியடிக்கும் பெட்டி, நல்ல நாளில் ஒரு மாலுமியின் கண்ணுக்கு முன் தோற்றுத்தான் போகும்.

முப்பதாண்டு கழித்து, 1930களில், பல நாடுகள் ஒன்றுக்கொன்று தெரியாமல் ரேடாரைச் செய்தன. 1937 செப்டம்பர் 4 அன்று வடகடலில் வானிலை மிக மோசமாக இருந்ததால் பயிற்சியில் இருந்த மற்ற விமானங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. ரேடார் ஆய்வாளர் எட்வர்ட் போவன் குழுவின் ஆன்சன் விமானம் மட்டும் மேகத்துக்குள்ளேயே பறந்து பிரிட்டிஷ் கப்பல்களை ரேடாரில் கண்டுபிடித்தது. கப்பல் தேடும் வரலாற்றில் இந்த நாள் தூரத்தால் பெரியதல்ல. மேகமும் இருட்டும் மறைக்க முடியாத முதல் விமானப் பார்வை என்பதே அதன் பெருமை. 1940இல் பர்மிங்ஹாமில் ராண்டலும் பூட்டும் செய்த மேக்னட்ரான் 10 சென்டிமீட்டர் அலையைத் தந்தது. அந்த அலை, நீர்மேல் மிதக்கும் நீர்மூழ்கியின் சிறிய கோபுரத்தையும் காட்டிக் கொடுத்தது.

ரேடாருக்கும் வளைவுக் கணக்கு உண்டு. வானொலி அலை ஒளியைவிடச் சற்றுக் கூடுதலாக வளைவதால் எண் 4.12. அதைவிடக் கடுமையான கணக்கு ஆற்றலுடையது. அனுப்பும் அலை போகும்போது விரிந்து மெலிகிறது, எதிரொலி திரும்பும்போது மறுபடி மெலிகிறது. ஆகவே எதிரொலி தூரத்தின் நான்காம் அடுக்கில் தேய்கிறது. எட்டும் தூரத்தை இரட்டிக்க 16 மடங்கு ஆற்றல் வேண்டும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தேடப்படும் கப்பலுக்கு அலை ஒருவழியாக மட்டுமே வந்தால் போதும். அது தேடுபவனுக்கு எதிரொலி கேட்காத தூரத்திலும் அவனுடைய அலையைக் கேட்டுவிடும்.

1941 மே மாதம் ஜெர்மானியப் போர்க்கப்பல் பிஸ்மார்க்கை இந்த வேடிக்கை பலிவாங்கியது. டென்மார்க் நீரிணையிலிருந்து ரேடாரால் தொடர்ந்துவந்த பிரிட்டிஷ் கப்பல்கள் 25ஆம் தேதி அதிகாலையில் அதைத் தவறவிட்டன. பிஸ்மார்க்கில் இருந்த அட்மிரல் லுட்யென்ஸுக்கோ எதிரியின் ரேடார் அலைகள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தன. பின்தொடர்கிறார்கள், இனி ஒளிந்து பயனில்லை என்று எண்ணி நீண்ட செய்திகளை வானொலியில் அனுப்பினார். அந்த ஒலிபரப்பே அவர் இருக்கும் திசையைக் காட்டிக் கொடுத்தது. கிடைத்த திசைக்கோடுகளைப் பிரிட்டிஷ் தலைமைக் கப்பலில் வரைபடத்தில் தவறாகக் குறித்து, அணியே சில மணி நேரம் எதிர்த்திசையில் ஓடியது தனிக்கதை. 26 காலை ஒரு கட்டலினா விமானம்தான் பிஸ்மார்க்கை மறுபடி கண்ணால் கண்டது. அன்று பிற்பகல் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஆர்க் ராயலிலிருந்து கிளம்பிய ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்களின் ரேடாரில் ஒரு பெரிய கப்பல் தெரிந்தது. மேகத்தைக் கிழித்து இறங்கி டார்பிடோக்களை வீசினார்கள். அது அவர்களுடைய சொந்தக் கப்பலான ஷெஃபீல்ட். பிஸ்மார்க்கைத் தொடர அது முன்னே அனுப்பப்பட்ட செய்தி விமானிகளுக்குச் சொல்லப்படவில்லை. டார்பிடோக்களின் வெடிமுனைகள் பழுதாக இருந்ததும் ஷெஃபீல்ட் லாகவமாகத் திரும்பியதும் அதைக் காப்பாற்றின.

கண்ணும் திரையும்

ரேடார் வந்ததும் கண்காணிப்பு மாலுமியின் காலம் முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு 1942 ஆகஸ்ட் 9 அதிகாலை, சாலமன் தீவுகளின் சாவோ தீவருகே பதில் கிடைத்தது. அமெரிக்க நாசகாரிகள் புளூ, ரால்ஃப் டால்பட் இரண்டும் ரேடாரோடு வாசலில் காவல் நின்றன. அட்மிரல் மிகாவாவின் ஜப்பானியக் குரூசர்களில் ரேடார் இல்லை. இருந்தவை பெரிய இருகண் நோக்கிகளும், இரவில் பார்க்கவென்றே தேர்ந்தெடுத்துப் பழக்கிய மாலுமிகளும். அந்த மாலுமிகள் சுமார் 9 கிலோமீட்டரில் புளூவைப் பார்த்தார்கள். வரிசையின் பீரங்கிகள் எல்லாம் அதன்மேல் திரும்பின. புளூ எதையும் உணராமல் திரும்பித் தன் ரோந்துப் பாதையில் போய்விட்டது. சுற்றியிருந்த தீவுகளின் எதிரொலிகளுக்கு நடுவே அந்தக் காலத்து ரேடாரால் கப்பலைப் பிரித்துக் காட்ட முடியவில்லை. விடிவதற்குள் நேச நாடுகளின் நான்கு கனரகக் குரூசர்கள் சிதைந்தன, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

கண் ரேடாரை வென்றது என்று இதைச் சுருக்கிவிடக்கூடாது. முந்தின நாள் காலையிலேயே ஆஸ்திரேலிய ஹட்சன் விமானம் ஒன்று மிகாவாவின் அணியைப் பார்த்திருந்தது. அதன் அறிக்கையில் குரூசர்களோடு கடல்விமானத் தாய்க்கப்பல்களும் இருப்பதாகச் சொல்லப்பட்டது. அறிக்கை தளபதிகளைப் போய்ச் சேரப் பல மணி நேரம் ஆனது. சேர்ந்தபோது, தாய்க்கப்பல் என்ற ஒரு விவரத்தைப் பிடித்துக்கொண்டு, இவர்கள் எங்கோ கடல்விமானத் தளம் அமைக்கப் போகிறார்கள், இன்றிரவு சண்டைக்கு வரவில்லை என்று முடிவு செய்தார்கள். கண்ட தூரம் பல நூறு கிலோமீட்டர். அறிந்த தூரம், முதல் டார்பிடோ வெடித்த தூரம்.

இதன் எதிர்முனை 1943 ஜூலை இறுதியில், அலூசியத் தீவுகளின் கிஸ்காவுக்கு அருகே நடந்தது. அமெரிக்கப் போர்க்கப்பல்களின் ரேடார் திரைகளில் இரவில் ஏழெட்டுப் புள்ளிகள் தெரிந்தன. மிசிசிப்பி, ஐடஹோ முதலிய கப்பல்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட 14 அங்குலக் குண்டுகளை அவற்றின்மேல் பொழிந்தன. பதிலுக்கு ஒரு குண்டும் வரவில்லை. விடிந்து பார்த்தால் உடைந்த பலகைகூட மிதக்கவில்லை. தொலைதூரத் தீவுகளின் எதிரொலி என்று ஒரு விளக்கம், கடற்பறவைக் கூட்டம் என்று இன்னொரு விளக்கம். பறவைகளை நம்புகிறவர்களின் வாதமே எனக்கு வலுவாகப் படுகிறது.  வீணான குண்டுகளைவிட விளைவு பெரிது: இந்த அணி எரிபொருள் நிரப்ப ஒதுங்கிய இடைவெளியில், ஜப்பானியக் கப்பல்கள் மூடுபனிக்குள் வந்து கிஸ்காவில் இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டன. இல்லாத கப்பல்கள் திரையில் தெரிந்தன. இருந்த கப்பல்கள் தெரியவில்லை.

தொலைதூர எதிரொலி என்பதும் கற்பனை அல்ல. அதே போர்க்காலத்தில் பம்பாயில் இருந்த ஒரு ரேடார், வெப்பப் பருவத்தில் ஆயிரம் மைலுக்கும் அப்பாலுள்ள அரேபியக் கரையின் எதிரொலியைப் பிடித்தது. தரையிலிருந்து வீசும் வறண்ட சூடான காற்று, கடல்மேல் உள்ள ஈரமான குளிர்ந்த காற்றின்மீது படியும்போது, இடையே ஒரு குழாய் போன்ற அடுக்கு உண்டாகிறது. அலை அதற்குள் சிக்கி, பூமியின் வளைவோடு சேர்ந்து வளைந்து போகிறது. இன்னொரு நாள் காற்றடுக்கு வேறு மாதிரி அமைந்தால் பக்கத்துக் கப்பலும் தெரியாமல் போகலாம். இந்த ரேடார் இத்தனை கடல் மைல் பார்க்கும் என்று விற்பனைப் பட்டியலில் அச்சிடும் எண், ஏதோ ஒரு நாளின் வானிலைக்கு உரிய எண்.

திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவரும் ஒரு கருவிதான். பிரிட்டிஷ் விமானப்படையின் ரேடார் இயக்குநர்கள் நீர்மூழ்கிகளைத் தவறவிடுவது ஏன் என்று ஆராய்ந்த நார்மன் மேக்வொர்த், 1948இல் வெளியிட்ட முடிவுகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. வெற்றுக் கடிகாரத்தில் ஒரு முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரச் சோதனை. முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகே கவனம் சரிந்தது. ஆட்கள் சோம்பேறிகள் அல்ல. அரிதாக நிகழும் ஒன்றுக்காகக் காத்திருக்கும் மனித மூளையின் இயல்பு அது.

போர் முடிந்தபின் ரேடார் வணிகக் கப்பல்களுக்கு வந்தது. 1956 ஜூலை 25 இரவு நான்டக்கெட் தீவுக்கு அப்பால் இத்தாலியப் பயணிக் கப்பல் அந்த்ரேயா டோரியாவும் சுவீடனின் ஸ்டாக்ஹோமும் மோதின. 51 பேர் இறந்தார்கள். மூடுபனிதான், ஆனால் இரு கப்பல்களும் ஒன்றையொன்று பத்துக் கடல் மைலுக்கு அப்பாலேயே ரேடாரில் பார்த்துவிட்டன. எதிர்க்கப்பல் எந்தப் பக்கமாகக் கடக்கப் போகிறது என்பதை இரண்டும் வேறு வேறாகப் புரிந்துகொண்டன. இத்தாலியக் கப்பலில் புள்ளியின் நகர்வைத் தாளில் குறித்துப் பார்க்கவும் இல்லை. 1972இல் உருவாகி 1977இல் நடைமுறைக்கு வந்த கடல்மோதல் தடுப்பு விதிகளின் ஐந்தாம் விதி கண்ணாலும் காதாலும் கிடைக்கும் எல்லா வழிகளாலும் எப்போதும் கண்காணிக்கச் சொல்கிறது. கண்ணும் காதும் பெயர் சொல்லி முதலில் வருவதற்கு இத்தகைய விபத்துகள் ஒரு காரணம்.

வானத்திலிருந்து

அடுத்து வந்தவற்றை விரைவாகக் கடக்கலாம். கண்ட தூரம் அவற்றில் எகிறியது என்பதில் ஐயமில்லை. 1950களில் தொடங்கி அமெரிக்கா கடலடியில் விரித்த ஒலிவாங்கி வலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஓடும் நீர்மூழ்கியின் இரைச்சலைக் கேட்டது. 1955இல் நியூசிலாந்தின் கிராம்பி, நீண்ட வானொலி அலைக்குக் கடலலைகளே எதிரொலி தருவதைக் கண்டறிந்தார். அந்த இரைச்சலிலிருந்து நகரும் கப்பலைப் பிரிக்க வழி பிறந்தது. ஆஸ்திரேலியாவின் ஜிண்டலி வலையமைப்பு, அயனி மண்டலத்தில் அலையை மோதித் திருப்பி, ஆயிரம் முதல் மூவாயிரம் கிலோமீட்டர் வரை பார்க்கிறது. சோவியத் ஒன்றியம் கப்பல் தேடும் ரேடார் செயற்கைக்கோள்களைத் தாழ்வாகப் பறக்கவிட்டது. காரணம் அதே நான்காம் அடுக்குக் கணக்கு. அத்தனை தாழ்வில் சூரியத் தகடுகள் காற்றில் இழுபடும் என்பதால் அணு உலையை வைத்தார்கள். அவற்றில் ஒன்றான காஸ்மாஸ் 954, 1978 ஜனவரியில் கனடாவின்மேல் சிதறி விழுந்து கதிரியக்கத்தைத் தூவியது.

2000களில் கப்பல்கள் தம் பெயரையும் இடத்தையும் தாமே ஒலிபரப்பும் ஏஐஎஸ் கருவி கட்டாயமானது: சர்வதேசப் பயணத்தில் 300 டன்னும் அதற்கு மேலுமான கப்பல்கள் எல்லாவற்றுக்கும். அறிந்த தூரம் கடைசியில் கண்ட தூரத்தைப் பிடித்துவிட்டது என்று அப்போது தோன்றியது. ஆனால் ஏஐஎஸ் பார்ப்பதில்லை, சொன்னதைக் கேட்கிறது. கருவியை அணைத்தால் கப்பல் இல்லை. பொய் சொன்னால் பொய்யான கப்பல் உண்டு. 2021 ஜூனில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் டிஃபென்டரும் நெதர்லாந்துப் போர்க்கப்பல் எவர்ட்சனும் ஒதெஸ்ஸா துறைமுகத்தில் கட்டிக் கிடந்தபோது, இரண்டும் செவஸ்தபோலை நோக்கிப் போவதாக ஏஐஎஸ் தடங்கள் காட்டின. முல்லரின் நான்காவது புகைபோக்கி இப்போது எண்களால் செய்யப்படுகிறது.

சிறிய படகு

பெரிய கப்பலைத் தேடும் இந்த வரலாற்றில் கவனம் பெறாத ஒரு தூரம் உண்டு: பெரிய கப்பல் சிறிய படகைப் பார்க்கும் தூரம். நம் கடற்கரைக்கு நேரடித் தொடர்புள்ள பகுதி இதுவே. கப்பலின் ரேடார் 25 மீட்டர் உயரத்தில் இருந்தால், நீருக்கு மேல் ஒரு மீட்டர் நிற்கும் ஃபைபர் படகு வளைவுக் கணக்கின்படி ஏறத்தாழ 25 கிலோமீட்டரிலேயே தெரிய வேண்டும். தெரியாது. இரும்பு திருப்பி அனுப்பும் எதிரொலியை ஃபைபரும் மரமும் அனுப்புவதில்லை. கடல் கொந்தளிக்கும்போது அலைகளின் எதிரொலி திரையை நிறைக்கிறது. அதிகாரி அதைக் குறைக்கக் குமிழைத் திருப்பினால் அலையோடு படகும் திரையிலிருந்து மறைகிறது. இந்தியாவில் 20 மீட்டருக்கு மேற்பட்ட மீன்பிடிக் கலங்களுக்கே ஏஐஎஸ் கட்டாயம். பெரும்பாலான படகுகள் அதற்குக் கீழே. 2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பத்துக்கு அப்பாலும், 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பாலும் கப்பல்கள் மோதித் தமிழக மீனவர்கள் இறந்தார்கள்.

பார்த்தபின் நடந்த மரணங்களும் உண்டு. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு 20 கடல் மைல் அளவில், என்ரிக்கா லெக்சி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலின் காவல் வீரர்கள் நெருங்கிவந்த செயின்ட் ஆன்டனி என்ற மீன்பிடிப் படகைக் கண்டார்கள். கடற்கொள்ளையர் என்று கருதியதாக இத்தாலியத் தரப்பு பின்னர் சொன்னது. துப்பாக்கிச் சூட்டில் இறந்த இருவரில் ஒருவர் குமரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். வழக்கு சர்வதேசத் தீர்ப்பாயம் வரை போய், இத்தாலி 10 கோடி ரூபாய் இழப்பீடு கொடுத்த பிறகு 2021 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பட்டப்பகல், நல்ல வானிலை. கருவிகளின் பட்டியலில் அந்தக் கப்பலுக்கு எந்தக் குறையும் இல்லை.

இத்தகைய நிகழ்வுகளில் படகு எத்தனை கடல் மைலில் முதலில் தென்பட்டது என்பதையும், அது மீன்பிடிப் படகு என்று எத்தனை கடல் மைலில் தெரிந்தது என்பதையும் விசாரணை அறிக்கைகள் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். உயிர் பிழைத்த மீனவர்கள் கப்பலை எப்போது பார்த்தார்கள், அது விலகிப் போகும் என்று எதை வைத்து நம்பினார்கள் என்பதும் அதே அறிக்கையில் இடம்பெற வேண்டும். கடலோர மாவட்டங்களில் ஆய்வு செய்யும் மாணவர்கள் அரசு அறிக்கைகளுக்காகக் காத்திராமல் இந்த வாக்குமூலங்களை இப்போதே திரட்டத் தொடங்கலாம்.